கேட்பவர்கள்: 1

“நீங்க பேசுறதை யாரு கேக்குறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஊர் வானொலி நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு சிறுமி, அறிவிப்பாளர் லோர்னிடம் ஒருமுறை கேட்ட கேள்வி. “தெரியாது கண்ணு. யாராவது இருப்பாங்கன்னு நம்பித்தான் பேசுறேன்” என்றார் அவர்.

இப்போது அவருக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் முதலாளி ஒலிபரப்புக் கோபுரத்தை நிறுத்திவிட்டு நிகழ்ச்சியை இணையத்துக்கு மாற்றினார். டிராக்டரிலும் சமையலறையிலும் பழைய பெட்டியில் கேட்டுப் பழகியவர்கள் அங்கே வரவில்லை. நிலையத்தின் இணையப் பக்கத்தில் தினமும் காலையில் ‘கேட்பவர்கள்: 1’ என்று மட்டும் காட்டியது.

அது பூஜ்யமாகும் நாளிலேயே காலை நிகழ்ச்சியை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மனைவியை இழந்த லோர்னுக்கு, விடிந்தால் எழுந்து போக அந்த மைக்கைத் தவிர வேறு இடமில்லை.

“அந்த ஒருத்தர் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாஸ்டர்” என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டுக்கொண்டார்.

பாஸ்டர் காலெப் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள அந்தச் சிற்றூருக்கு வந்து ஆறே வாரம். வியாழன் காலை, சபையைச் சேர்ந்த ஆர்டிஸ் அம்மாவைப் பார்க்கப் பண்ணை வீட்டுக்குப் போனார். பனி மூடிய முற்றத்திலேயே லோர்னின் குரல் கேட்டது.

மூன்று முறை தட்டியும் கதவு திறக்கவில்லை. அவ்வளவு சத்தம். கடைசியில் ஜன்னல் பக்கம் போய்த் தொப்பியை ஆட்டிய பிறகுதான் ஆர்டிஸ் அம்மா எழுந்து வந்தார்.

“வாங்க பாஸ்டர். பனிமனுஷன் வேலைக்கு மனு போட்டிருக்கீங்களா, இப்படி வெளியிலேயே நிக்கிறீங்க?”

சர்க்கரை ஜாடியில் சாய்த்து வைத்த கைபேசியில் லோர்ன் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்டர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு உட்கார்ந்தார். மேசையில் ஒரே ஒரு தட்டு இருந்தது.

“அப்போ அந்த ஒருத்தர் நீங்கதானா அம்மா?”

ஆர்டிஸ் அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில்கூட யாரும் தன் பேச்சை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில்லை என்று பாஸ்டருக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது.

“உஷ்! அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி, பனிப்புயல்ல எங்க வீட்டுக்காரர் செல்மரோட வண்டி பள்ளத்துல மாட்டிக்கிச்சு. இறங்கி நடந்திருந்தா அத்தோட போயிருப்பார். லோர்ன் பத்தொன்பது மணி நேரம் மைக்கை விடலை. கால் மணிக்கு ஒருதரம், ‘செல்மர், வண்டியை விட்டு இறங்காதே, ஆர்டிஸ் சொல்லச் சொன்னா’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். வண்டி ரேடியோவை நம்பி இவரும் உள்ளேயே இருந்தார்.”

“தேவ கிருபைம்மா.”

“அப்புறம் இருபது வருஷம் என்கூட இருந்தார். அதுக்கு நான் லோர்னுக்கு ஒரு கேக் செஞ்சு கொடுத்தேன். இருபது வருஷத்துக்கு ஒரு கேக் போதுமா, சொல்லுங்க? அதான், கணக்கு பூஜ்யமாயிடக் கூடாதேன்னு தினமும் ஏழு மணிக்கு இதை அமுக்கிடுவேன். ‘ஒண்ணு’ன்னு வந்த பிறகுதான் எனக்குக் காபியே.”

அப்போது கைபேசியில் லோர்னின் குரல் தழுதழுத்தது. “அந்தப் பக்கம் இருக்கிறவரே, தினமும் கெஞ்சுறேன், ஒரே ஒரு போன் பண்ணுங்கன்னு. நீங்க மனுஷரா, யாரோ அணைக்க மறந்துபோன மிஷினான்னுகூடத் தெரியலை. இந்தப் பாட்டு முடியுறதுக்குள்ள போன் வரலைன்னா, நாளையிலேர்ந்து நான் வரலை.”

ஆர்டிஸ் அம்மா உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். “சர்க்கரை தூவட்டுமா பாஸ்டர்?”

இப்படியும் ஒரு பிடிவாதமா! பாஸ்டர் அவசரமாகத் தன் கைபேசியை எடுத்து நிலையத்தை அழைத்தார். “லோர்ன், நான் காலெப். ஆள் கிடைச்சாச்சு. மனுஷர்தான். அவங்க வீட்டுலதான் இருக்கேன்.”

மறுமுனையில் லோர்ன் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். “நல்லா இருக்காங்களா பாஸ்டர்?”

“நல்லா இருக்காங்க. பேர் மட்டும் சொல்ல வேணாம்கிறாங்க.”

“வேணாம், வேணாம். நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுவேன்னு சொல்லுங்க. முடிஞ்சா... ஒரு வார்த்தை பேசுவாங்களா?”

பாஸ்டர் கைபேசியை நீட்டினார். ஆர்டிஸ் அம்மா மறுப்பாகத் தலையசைத்து, அவர் கையை மெல்ல விலக்கினார். பாஸ்டர் ஏதோ சமாதானம் சொல்லி அழைப்பை முடித்தார்.

“நாளைக்கும் வர்றாராம்.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று ஆர்டிஸ் அம்மா கைகளைக் கோத்துக்கொண்டார்.

பாஸ்டருக்கு மனம் ஆறவில்லை. “தினமும் அவ்வளவு கெஞ்சுறாரே அம்மா. இத்தனை நாள்ல ஒரு தடவை போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“கெஞ்சுறாரா?” ஆர்டிஸ் அம்மாவின் முகம் வாடியது. “எனக்கு எப்படித் தம்பி தெரியும்? காது போய் ஆறு வருஷமாச்சே.”