நெபுலாவின் குறுக்கே ஒரு கோடு

நேற்றிரவு மொட்டைமாடியிலிருந்து எடுத்த நெபுலாவின் நூற்றுக்கணக்கான படங்களைக் காலையில் கணினியில் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சேர்த்தால்தான் விண்வெளியின் அந்த ஒளிமேகம் துலங்கும். ஒரே ஒரு படத்தில் மட்டும் குறுக்கே வெள்ளைக் கோடு.

“என்னங்க இது?” என்றாள் மனைவி.

“விமானம். மத்த படங்களோட சேர்த்தா தானா மறைஞ்சிடும்.”

“நேத்து கனடா கிளம்புன நம்ம பொண்ணு கோதையோட விமானமா இருக்கும். வழியனுப்ப நீங்க போகல. அவளே உங்க படத்துக்குள்ள வந்துட்டா பாருங்க.”

“சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டு, குடும்ப மானத்த வாங்கினவ பேச்ச எடுக்காதே.”

அவள் அடுப்படிக்குப் போனதும் மற்ற படங்களை எல்லாம் அழித்தேன். எஞ்சிய படத்தில் நெபுலா வெறும் புகையாகக் கிடந்தது. கோடு தெளிவாக இருந்தது. விமானம் போகிறதா, வருகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.