வானம் மட்டும் மிஞ்சிய நாடு

சங்குத்திட்டுத் தீவு கடலுக்குள் போய் நாற்பது வருடமாகிறது. அதன் வானம் மட்டும் இன்னும் ஒரு நாடு. விமானங்கள் அதைப் பதினோரு நிமிடத்தில் கடந்துவிடும். தூத்துக்குடியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து பெர்னதெத் அவற்றுக்கு அனுமதி கொடுப்பாள். விதிப்படி ஓடுபாதையின் நிலையையும் சொல்வாள்: “தண்ணிக்குக் கீழ பன்னெண்டு அடி. மீன் நடமாட்டம் உண்டு.”

கொடிநாளில் கயிற்றை இழுப்பது நாட்டிலேயே இளையவரின் வேலை. தீவில் கடைசியாகப் பிறந்தவள் பெர்னதெத். பிறகு பிறந்தவர்களெல்லாம் வேறு நாட்டுப் பிள்ளைகள். நாற்பத்தொரு வயதிலும் அவள்தான் இழுக்கிறாள்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு விமானி கூப்பிட்டார். “மேடம், ஒரு பயணிக்குப் பிரசவ வலி. டாக்டர் கூட இருக்காங்க. சீக்கிரம் தரையிறங்கணும்.”

இந்த வானத்தில் பிறந்தால் இந்த நாட்டுக் குழந்தை. ஒரு வட்டம் அடிக்கச் சொன்னால் போதும். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

“நேரா போங்க சார். வழியில யாரும் இல்ல,” என்றாள்.

திரையில் அந்தப் புள்ளி எல்லைக்கோட்டை நோக்கி மிதந்து போனது. கோட்டைத் தொட ஒரு நிமிடம் இருக்கையில் குரல் வந்தது. “பொண்ணு, மேடம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு முறை சரிபார்த்தாள்.

“பாப்பா விரலைப் பிடிக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க சார்.”

விமானி உள்ளே விசாரித்துவிட்டுச் சொன்னார்.

“பிடிச்ச விரலை விடமாட்டேங்குதாம்.”

பெர்னதெத் கொடிக்கயிற்றை எடுத்துப் பார்த்தாள். கைக்குழந்தைக்கு அது முரடு. நுனியில் மெல்லிய ரிப்பன் ஒன்றை முடிந்துவைத்தாள்.