துரு போன தண்ணீர்

பாரிவாக்கம் தெருமுனையில் காலை வெயில். இங்கே போர் தண்ணீர் வெளியே வந்த சற்று நேரத்தில் துருநிறமாகிவிடும். அதில் கரைந்த இரும்பைப் பிடித்துவைக்கும் கருநிற வடிகட்டி மணிகளைப் பல வருடங்களாக ஆராய்ச்சிக்கூடத்து உலையில் சுட்டுச் சுட்டுத் திருத்திய வேதியியலாளர் ஹில்டா, மணிகள் நிரப்பிய டிரம்மின் குழாயைத் திறக்கிறார். டம்ளரின் அடிக்கீறல்கூடத் தெரியும்படி தண்ணீர் விழுகிறது.

"போன தபாவும் நல்ல தண்ணின்னுதான் சொன்னே. வாயில வெக்க முடியல," என்கிறார் முத்தம்மாள், இடுப்பில் காலிக் குடத்துடன்.

"ஆமாம்மா, அது தோத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டு ஹில்டாவே முதலில் பாதி டம்ளரைக் குடிக்கிறார். அவர் விரல்களில் உலை சுட்ட பழைய தழும்புகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த முத்தம்மாள் டம்ளரை வாங்கி, மீதியை வாயில் ஊற்றி, கண்மூடிச் சப்புக்கொட்டுகிறார். பிறகு குடத்தைக் குழாயடியில் வைக்கிறார்.

"நல்லா தொறந்து உடு, ரொம்பட்டும்."