சாட்சி சொன்ன வாய்

எலக்ட்ரீஷியனுக்குக் கல் நெஞ்சு என்றுதான் சபையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பேசமாட்டார்களா பின்னே? சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றிய டெய்லர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். சபையே மாறி மாறிப் போய் ஜெபித்துவிட்டு வருகிறது. இவர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் எங்கேயோ வயரிங் வேலை என்பார்.

அந்த ஞாயிறு, சர்ச் வாசலில் டெய்லரின் மனைவி அவரை மடக்கிவிட்டாள்.

"உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காரு. ஒரு தடவை வந்து ஜெபம் பண்ணுங்கண்ணே."

"நான் எதுக்கும்மா? பாஸ்டரைக் கூட்டிட்டுப் போ."

பாஸ்டர் எத்தனையோ முறை வந்துவிட்டார் என்று அவள் சொல்வதற்குள், இவர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு நழுவிவிட்டார். பின்னால் யாரோ 'ச்சே' என்றது அவர் காதிலும் விழுந்தது.

அவர் கஷ்டம் அவருக்கு. போன வருஷம் அவர் மனைவி அதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாப்பாடு தண்ணி இல்லாமல் ஜெபித்தார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதுதான் தாமதம், மைக்கைப் பிடித்து, "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார்" என்று சாட்சியே சொல்லிவிட்டார். சபை கைதட்டியது. அந்த வாரமே அவளை அடக்கம் செய்தார்கள்.

அதற்கப்புறம் அவர் மைக்கில் சொல்வதெல்லாம், அதைச் சோதிக்கும் 'ஹலோ, ஹலோ' மட்டும்தான்.

நோயாளிகளுக்காக ஜெபிக்கக் கர்த்தர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று பாஸ்டர் சொல்லிப் பார்த்தார். கூப்பிட்டது பக்கத்தில் நிற்கிறவரையாக இருக்கும் என்று இவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பியவர், வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். 'ஆண்டவரே, எனக்குப் பேச வராது, நீர்தான் பார்த்துக்கணும்' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

டெய்லர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மனைவி ஸ்பூனால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியாடா," என்றார் டெய்லர்.

அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"என் பொண்டாட்டிக்குக் கேட்டே கிடைக்கலடா. நீ பிழைக்கணும்னு எந்த வாயால கேட்பேன்?"

டெய்லர் வெந்நீர் வாங்கி வரச் சொல்லி மனைவியிடம் பிளாஸ்கைக் காட்டினார். அவள் வார்டைத் தாண்டும்வரை காத்திருந்தார்.

"நான் பிழைக்கணும்னு ஜெபம் பண்ண எல்லாரும் வந்துட்டாங்கடா. அதுக்கு உன்னைக் கூப்பிடலை. நான் போனப்புறம் அவதான் தனியா பூட்டைத் திறந்து வெறும் வீட்டுக்குள்ள போகணும். அவளுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு ஆண்டவர்கிட்ட கேட்க, உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?"

வெந்நீரோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலருகே எலக்ட்ரீஷியன் முழங்காலில் இருந்தார். திக்கித் திக்கி வந்த அந்த ஜெபத்தில், அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவள் பெயரை.