போகஸ் யார் மேல?

கம்பெனி விழாவுக்குத் தயாரான வீடியோவைப் பார்த்த மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிய கற்பனைக் கேமரா, குடும்பப் போட்டோவுக்குள் வழுக்கிக்கொண்டு போய் முதலாளியின் முகத்தருகே நின்றது. ஆனால் முதலாளி கலங்கிய குட்டையாகத் தெரிய, பின்னால் நின்ற முதலாளியம்மாதான் பளிச்சென்று இருந்தார்.

"ஏம்மா, கேமராவை நகர்த்தினவங்க போகஸை நகர்த்த மறந்துட்டீங்களா? சேர்ந்த மாசமே வேலை போயிடும்!"

"அதெல்லாம் போகாது சார்" என்றார் வீடியோவைச் செய்த அனிமேட்டர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

'என்ன தெனாவெட்டு!' என்று மேனேஜர் பல்லைக் கடிப்பதற்குள் முதலாளியே வந்துவிட்டார். வீடியோவைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யார் பண்ணின வேலை இது?"

மேனேஜரின் விரல் முந்திக்கொண்டு நீண்டது. அனிமேட்டர் நிதானமாக எழுந்தார்.

"நான்தான் மாப்பிள்ளை. என் பொண்ணு மேலதான் போகஸ். மாத்தணுமா?"

"வேண்டாம் அத்தை... நல்லாத்தான் இருக்கு."

மேனேஜர் விரலை மெல்ல மடக்கிக்கொண்டார்.