கம்பெனிப் பச்சை

“அண்ணாச்சி, இது கிளிப்பச்சை. எனக்கு வேண்டியது கம்பெனிப் பச்சை!”

ஏழாவது டப்பாவையும் டெரன்ஸ் தள்ளி வைத்தான். பெயிண்ட் கடை தளவாய் கலக்குகிற குச்சியைக் கீழே போட்டார்.

“ஏலே, எஞ்சினுக்குத்தான அடிக்கப் போற? என்னமோ பொண்ணுக்குப் பட்டு எடுக்குத மாதிரில்லா நிக்க!”

“எண்பதாம் வருஷத்து அம்பாசிடர் அண்ணாச்சி. எங்கப்பா டாக்ஸி ஓட்டுன கார். ஞாயித்துக்கிழமை பழைய கார் போட்டி. எஞ்சின் கலர் ஒரிஜினலா இருந்தாத்தான் கப்பு.”

கப்பு வராவிட்டால் கார் காயலான் கடைக்கு. மனைவி ஷெர்லினிடம் அப்படி ஒரு சபதம் போட்டிருந்தான். எல்லாம் வாய்க்கொழுப்பு.

அப்பா எஞ்சின் முழுக்கக் கறுப்பு அடித்து வைத்திருந்தார். ஒரு மாதம் சுரண்டிய பிறகுதான் அடியில் அந்தப் பச்சை தெரிந்தது. ஓரத்தில் வெள்ளையில் வரைந்த ஒரு சின்னக் குருசு, சிலுவை அடையாளம். அதையும் அழியாமல் காப்பாற்றினான். “இவ்வளவு நல்ல கலரை மறைச்சிருக்காரே, ரசனை கெட்ட மனுஷன்” என்று செத்துப்போன அப்பாவைக்கூட விட்டு வைக்கவில்லை. நிறம் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்று நினைப்பு. போன வாரம் ஒரு காலில் நீல சாக்ஸும் மறு காலில் கறுப்பு சாக்ஸுமாகக் கல்யாணத்துக்குப் போனவன்தான்.

ஒன்பதாவது டப்பாவில் நிறம் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கப்பும் அவனுக்கே. பரிசு கொடுக்க வந்தவர் திரேஸ்புரம் படகு முதலாளி இஞ்ஞாசி. கப்பைக் கொடுத்துவிட்டுத் திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குருசைத் தடவினார். கண் கலங்கியது.

“பாத்தியா, ஒரிஜினலோட அருமை தெரிஞ்ச மனுஷன்” என்று டெரன்ஸ் ஷெர்லினிடம் கிசுகிசுத்தான்.

“தம்பி, அந்தக் காலத்துல அம்பாசிடர் எஞ்சினத்தான் நாங்க வள்ளத்துல மாட்டுவோம்” என்றார் இஞ்ஞாசி. “வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சுன பச்சைய நாந்தான் இதுக்கும் அடிச்சேன். இந்தக் குருசும் நான் போட்டதுதான். எண்பத்தாறுல கரையில நின்ன வள்ளத்துல இருந்து எஞ்சின் களவு போச்சு. போலீசே கண்டுபிடிக்கல, நீ கண்டுபிடிச்சிட்டியே!”

கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான் டெரன்ஸ். ஷெர்லின் அவன் காதோரம் வந்தாள்.

“மாமா எதுக்குக் கறுப்பு அடிச்சாவன்னு இப்பமாவது தெரிஞ்சுதா?”