கோலாலம்பூரிலிருந்து வருகிறவன்

“இன்னாடா பிரவினு, உன் மச்சான் ஏரோப்ளேன்ல வரானா, இல்ல கூடுவாஞ்சேரில எறங்கி பஸ்ஸு மாறி வரானா?”

பெரியப்பா திருவேங்கடம் துண்டை உதறிக்கொண்டே கேட்டார். பந்தலில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

பிரவின்குமார் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி ஜெயப்பிரியா. துடைத்த இடத்தில் கொஞ்ச நேரம் முகம் தெரியும். பிறகு பனி மூடிவிடும். மறுபடி துடைப்பான்.

காய்ச்சல் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள், நேற்று மாலை ஆம்புலன்ஸில் புதுப்பட்டினம் திரும்பினாள்.

பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தாமல் பெண்ணை எடுப்பதில்லை. அவளுக்கு அப்பா இல்லை. தம்பி கார்த்தி ஒருவன்தான், கோலாலம்பூரில் வேலை. அவன் கையால் புடவை விழுந்தால்தான் பாடை நகரும்.

கார்த்தி விமானம் ஏறிவிட்டான் என்று பந்தலில் சொன்னது பிரவின்தான்.

அதற்கப்புறம் ஆளாளுக்குப் போனில் தேடினார்கள். இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், நாலு மணி நேரம்கூட ஆகாது என்றார் ஒருவர். பிரவின் நிமிராமல், கார்த்தி சொன்ன விமான நேரம் அந்த ஊர் நேரம், நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம் என்றான். அதைக் கூட்டுவதா கழிப்பதா என்று பந்தலில் ஒரு சண்டையே நடந்தது.

மத்தியானம் போனது.

இறங்கினாலும் பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் வரிசை நிற்கும் என்றான். பெட்டி வர நேரமாகும் என்றான். இன்றைக்குக் கிருத்திகை, திருப்போரூரில் கோயில் கூட்டம், கார் நகராது என்றான். கேட்காதவர்களிடமும் சொன்னான்.

அத்தை ஒருத்தி காபி கொண்டுவந்து, ஒரு வாய் குடிக்கச் சொன்னாள். வாங்கிக் கீழே வைத்தான்.

நாளை சனிக்கிழமை. சனிக்கிழமை எடுக்க யாரும் ஒப்பமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஆக வேண்டும். பெண் வீட்டு ஆள் யாராவது கோடி போடட்டும், எடுத்துவிடலாம் என்றார் பெரியப்பா.

பிரவின் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். அவன் கையை விலக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

வெயில் இறங்கியது. மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சத் தொடங்கினார்கள்.

பெட்டியின் மேல் வைத்திருந்த பிரவினின் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. பெரியப்பா எடுத்தார்.

கார்த்தி பேசினான். கோலாலம்பூரிலிருந்துதான்.

அக்காவை எடுத்தாச்சா என்று அழுதான். கம்பெனியில் பாஸ்போர்ட்டைத் தர மறுத்துவிட்டார்கள், எனக்காகக் காத்திருக்காதீர்கள், கோடியை என் பேரில் நீங்களே போர்த்தி எடுத்துவிடுங்கள் என்று விடியற்காலையிலேயே பிரவின் மாமாவிடம் சொல்லிவிட்டேனே என்றான்.

பெரியப்பா வெகு நேரம் பிரவினைப் பார்த்தார். பிரவின் அவரைப் பார்க்கவில்லை.

போனை அணைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பந்தல் வாசலுக்குப் போய், மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“ஃப்ளைட்டு லேட்டாம்பா. இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். எல்லாருக்கும் டீ சொல்லுங்க.”